கைதட்டாத மேசை

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலைக்கு நான் சேர்ந்தது தொண்ணூறுகளில். சேர்ந்த புதிதில், கிளாசுகள் அடுக்கிய தட்டம் ஒன்று கைதவறி விழுந்தது. உடனே அமெரிக்கர் மேசைகளில் ஒரே கைதட்டல். ஒருவர் விசிலும் அடித்தார். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக இருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அவர்கள் ஊர் வழக்கம், வெட்கப்படாதே என்று தைரியம் சொல்வதற்குத் தட்டுவது என்று கூட வேலை செய்தவர் பிறகுதான் சொன்னார்.

அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு வாய் ஓயாது. பக்கத்து மேசையில் இன்னொரு அமெரிக்கக் குரல் கேட்டால் போதும், எந்த ஊர் என்று விசாரித்து, சூப் ஆறுவதற்குள் மேசைகளை ஒட்டிவிடுவார்கள். என் மகளின் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருந்து அடுத்த நாள் சுகம் விசாரிப்பார்கள். சுவிஸ்காரர் வணக்கத்தையே அளந்து சொல்கிறவர்கள். அகதியாய்ப் போவதென்றால் அமெரிக்காவுக்கல்லவா போயிருக்க வேண்டும் என்று வீட்டில் ஓயாமல் சொல்வேன். மகள் அதைக் கேட்டே வளர்ந்தாள். மருமகனுக்கு இந்த வருடம் அங்கே வேலை கிடைத்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவனும் நான்தான். பேரனை அங்கே பாலர் வகுப்பில் சேர்ப்பதாக முடிவாயிற்று.

ஆனால் இப்போது வருகிற அமெரிக்கர்கள் வேறு மாதிரி. பக்கத்தில் தங்கள் நாட்டுக் குரல் கேட்டால் தங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஊரைக் கேட்டால் கட்சி தெரிந்துவிடும் என்ற பயமாக்கும். சுவருக்கு முதுகு கொடுத்து, வாசல் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருகிறார்கள்.

இந்தக் கோடையில் ஒரு மதியம், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கையிலிருந்து தட்டம் விழுந்தது. நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அமெரிக்கத் தகப்பன் ஒருவர் பாதி எழுந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பிள்ளைகள் இரண்டும் கதிரைகளில் இல்லை.

கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தபோது மேசைக்கடியில் அவர்களைக் கண்டேன். சிறுமி தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, பேசாதே என்று உதட்டில் விரல் வைத்தாள். துப்பாக்கியோடு யாரும் வந்தால் இப்படி ஒளியப் பள்ளிக்கூடத்தில் பழக்குகிறார்கள் என்று தாய் சிரித்துச் சமாளித்தாள்.

ஊரில் சண்டைக் காலத்தில், ஆமியின் ஹெலிகொப்டர் மேலே சுற்றும்போது, எங்கள் வீட்டுப் பதுங்குகுழியான பங்கருக்குள் நான் என் தங்கையின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன். மனைவியும் அப்படிக் கிடந்து வளர்ந்தவள்தான். அதை என் பிள்ளை அறியக்கூடாது என்றுதான் நானும் மனைவியும் இங்கே வந்தோம். இத்தனை வருடத்தில் மகளிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் சூட்கேசுகளை எடுத்துப்போக ஓஸ்டர்முண்டிகனிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் கட்டடத்துக்குக் கீழேயும் ஒரு பங்கர் உண்டு. சண்டையே காணாத இந்த நாட்டில் சனம் அதற்குள் பழைய சைக்கிளையும் சூட்கேசையும் போட்டு வைத்திருக்கிறது. அந்தத் தடித்த கொங்கிரீட் கதவுக்கு உள்ளே நின்று, மேசைக்கடியில் கண்டதை அவளுக்குச் சொன்னேன்.

"போகாதை பிள்ளை," என்றேன்.

அவள் சூட்கேசின் தூசியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் அப்பா. பெடியனைச் சேர்க்கிற பள்ளிக்கூடத்திலை எல்லாம் விளங்கப்படுத்தினவை. சத்தம் போடாமல் எப்பிடிப் படுத்திருக்கிறதெண்டு அம்மாட்டைக் கேட்டனான். அம்மா அவனுக்குப் பழக்கிப்போட்டா. இப்ப நல்லாச் செய்யிறான்."