புகை நேராக நின்ற வீடு

ஹாம்பர்க்கில் என் அலுவலக ஜன்னலுக்குக் கைப்பிடி கிடையாது. யாரும் திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே வைக்கவில்லை. இயந்திரம் அனுப்பும் காற்றைத்தான் மூச்சுவிட வேண்டும். பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கிய கட்டடம் அது. மற்ற கட்டடங்களுக்கு அதே சான்றிதழ் தரலாமா என்று சோதிப்பது என் பிழைப்பு. வந்த புதிதில் தினமும் தலைவலி வந்தது. இப்போது வருவதில்லை, பழகிவிட்டது.

சோதனை எளிதுதான். வாசலைத் துணியால் அடைத்து, அதில் பெரிய விசிறி பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுப்போம். எங்காவது இடுக்கு இருந்தால் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாயும். பக்கத்தில் புகையைக் காட்டினால் வளையும். வளைந்த இடத்தில் டேப் ஒட்டவேண்டும். ஒருநாள் சோதனைக்குக் கொண்டுபோகும் புகைக் குழாய் தீர்ந்துபோனது. பையில் இந்தியக் கடையில் வாங்கிய ஊதுபத்தி இருந்தது, அதைக் கொளுத்திக்கொண்டு சுவர் சுவராகப் போனேன். திரும்பிப் பார்த்தால் என் மேலதிகாரி ஹெல்கா வாசலில் தலை குனிந்து நிற்கிறாள்.

"நீங்கள் கும்பிட்டு முடியுங்கள், அவசரமில்லை" என்றாள்.

விளக்கிச் சொல்லும் அளவுக்கு அன்று எனக்கு ஜெர்மன் வராது. "நன்றி" என்று சொல்லிவிட்டு மிச்சச் சுவரையும் சுற்றினேன். அதிலிருந்து எனக்கு ஊதுபத்திதான், அவளுக்கு அந்த மரியாதைதான்.

இந்தப் படிப்பையெல்லாம் வைத்துத்தான் உப்பூர்ப் பக்கம் எங்கள் கடலோரக் கிராமத்தில் அப்பாவுக்கு, நாங்கள் கூப்பிடுவதுபோல் சொன்னால் அய்யாவுக்கு, வீடு கட்டினேன். குளிரை வெளியே நிறுத்தும் சுவர் வெயிலையும் நிறுத்தும் என்பது என் கணக்கு. இரட்டைச் சுவர், நடுவில் தெர்மாகோல், திறக்காத இரட்டைக் கண்ணாடி, காற்றுக்கு ஓர் இயந்திரம். எல்லாம் இங்கிருந்தே வரைந்து அனுப்பினேன். கொத்தனார் போனில், "தம்பி, மேல வெண்டிலேட்டரே காணமே?" என்று கேட்டார். வரைபடத்தில் இருப்பதை மட்டும் கட்டுங்கள் என்று எரிந்து விழுந்தேன். அய்யாவிடம், "இங்கத்துச் சோதனை வச்சாலும் நம்ம வீடு பாஸாகும்யா" என்று பெருமையடித்தேன். குடிபோன பிறகு வாராவாரம் கேட்பேன், வீடு எப்படி இருக்கிறது என்று.

"ஐஸ்பொட்டி கணக்கா இருக்குப்பா" என்பார்.

போன சித்திரையில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். மத்தியானம். வீடு பூட்டிக் கிடந்தது. அய்யா மிளகாய் மூட்டை போடும் கொட்டகையில், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். சாவி வாங்கித் திறந்தேன். அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. கரண்ட் இல்லை, இயந்திரம் ஓடவில்லை. கரண்ட் தினமும் எத்தனை தடவை போகும் என்பது அங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? மெத்தையில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. அம்மா படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினேன். புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போனது. என் தொழிலில் அதற்கு முழு மதிப்பெண்.

"எத்தன நாளாய்யா கொட்டகையில படுக்கிறீக?"

"குடிவந்த மறுவாரமே போயிட்டேன்."

"ரெண்டு ஓட்டை போட்டுருக்கலாம்ல?"

"கொத்தனாரு போடுறேன் போடுறேன்னுதான் நின்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். ஓட்டை போட்டா ஒன் வீடு பெயிலாகிரும்லப்பா? ஊரெல்லாம் பாஸாயிருச்சுன்னு சொல்லிவச்சிருக்கேன்."

அந்த வீட்டை யாரும் சோதிக்கவே இல்லை. வெட்கத்தில் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு, கிழக்கிலும் மேற்கிலும் நானே கரிக்கோடு போட்டுக் கொடுத்தேன். நாலு ஓட்டைகள். சாயங்காலம் கடலிலிருந்து கொண்டல் காற்று வீசியபோது அய்யா உள்ளே பாய் விரித்துப் படுத்தார். மெத்தை ஏனோ வேண்டாமாம். பத்தே நாள் லீவு, திரும்பிவிட்டேன்.

இன்று காலை ஒரு புது வீடு. சமையலறை ஜன்னலோரம் புகை வளைந்தது. ஹெல்கா டேப்பை நீட்டினாள். கிழித்துக் கையில் வைத்துக்கொண்டேன், ஒட்ட மனம் வரவில்லை. குனிந்து அந்த இடுக்கில் முகத்தை வைத்தேன். சில்லென்று காற்று வந்தது. உப்பு வாடை இல்லை. இருந்தாலும் காற்று.

பின்னால் ஹெல்கா தலை குனிந்து, நான் கும்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.