மேனேஜரின் இத்தாலிய மொழி

சிவகாசியில் நான் வேலை பார்த்த காலண்டர் கம்பெனியின் மேனேஜர், மீசைக்கு மை பூசிக்கொள்ளும் பகட்டுக்காரர். புது மெஷினைப் பொருத்த இத்தாலியிலிருந்து இன்ஜினியர் வருகிறார் என்றதும், அந்த மொழியில் வினையோடு ஒட்டிவரும் மே, நே போன்ற குட்டிச் சொற்களை மனப்பாடம் செய்து, டீ நேரத்தில் எங்கள் காதில் கொட்டினார்.

"மே நே வாதோ. போறேன்னு அர்த்தம். யோசிக்காமத் தானா வரணும்லே!"

இன்ஜினியர் வந்தார். நாள் முழுக்க "எஸ், எஸ்" தவிர மேனேஜர் வாயில் எதுவும் வரவில்லை. நாங்கள் மெஷினுக்குப் பின்னால் நின்று சிரித்தோம். சாயங்காலம் இன்ஜினியர் பையை மாட்டிக்கொண்டு, "மே நே வாதோ" என்றார். மேனேஜர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"அப்படிச் சொல்லாதீக சார்! போயிட்டு வாறேன்னு சொல்லுங்க."

யோசிக்காமல் தானாகத்தான் வந்தது, தமிழில். ஆனால் அந்தப் பகட்டுக்காரருக்கு இத்தாலிய மொழி புரிந்துவிட்டதே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.