தண்ணீர் போகும் பக்கம்

வால்பாறையில் நாங்கள் தங்கியிருக்கும் விடுதியிலிருந்து மலையேறும் கூட்டம் எட்டரைக்கு ஜீப்பில் கிளம்பிவிடும். விடிந்ததும் சும்மா ஒரு நடை போய்வரலாம் என்று இறங்கிய நான் தேயிலைத் தோட்டத்துக்குள் வழி தெரியாமல் நிற்கிறேன். பனிமூட்டத்தில் சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. போனில் சிக்னலும் இல்லை. பக்கத்தில் ஓர் ஓடை மட்டும் ஓடுகிறது.

நாகப்பட்டினத்துக் கடைமடை விவசாயிக்கு அது போதாதா? ஆறோ வாய்க்காலோ, தண்ணீர் கிழக்கேதான் போகும். விடுதி இருக்கும் டவுனும் கிழக்கே. ஓடையோடு அரை மணி நேரம் நடந்தாயிற்று. டவுன்தான் வரவில்லை.

கொழுந்து பறிக்கப் போகும் ஒரு பெண் எதிரே வருகிறார்.

“அக்கா, டவுனுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?”

“டவுனை விட்டுட்டுல்ல வர்றீங்க! இப்படியே போனா காடுதான் சார். யானை நிக்குது.”

“தண்ணி கிழக்கதானே போகுது?”

“மேக்கால போகுதுங்க. கேரளாவுக்குப் போற தண்ணி.”

நம்ப முடியாமல் ஓடைக்குள் கையை விட்டுப் பார்க்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

“தண்ணிய எதுத்து நடங்க, டவுன் வந்துரும்.”

திரும்பி நடக்கிறேன். பனி விலகுகிறது. எங்கள் ஊரில் காலையில் தண்ணீர் வருகிறதா என்று மேற்கே பார்த்து நிற்போம். வெயில் முதுகில் அடிக்கும். இங்கே வெயிலும் தண்ணீரும் சேர்ந்து எதிரே வருகின்றன. வழி சரிதான். கால்தான் நம்பமாட்டேன் என்கிறது.