மாளிகைப் படிக்கட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் பேருந்தை விட்டு இறங்கி, கடலை நோக்கி மணலில் நடந்து வந்திருக்கிறேன். ஒரு ராஜ குடும்பம் கோடையில் காற்று வாங்கக் கட்டிய மாடி வீடு எதிரே நிற்கிறது. அவர்கள் வருவது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. ஜன்னல்களில் கதவு இல்லை. ராணிகள் உட்கார்ந்த கூடத்தில் இப்போது நெத்திலி காய்கிறது.

அதைப் புரட்டிக்கொண்டிருக்கும் அஞ்சலையிடம் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன்.

"எங்கம்மா சின்ன வயசுல இங்க மீன் கொண்டாந்து குடுக்கும் சார். பின்வாசலோட சரி, உள்ள கால் வெக்கக் கூடாது."

கை நிற்காமல் பேசுகிறார்.

"சுனாமி அன்னைக்கு இந்த மாடிதான் எங்கள காப்பாத்துச்சி. எல்லாரும் ஓடியாந்து ஏறிட்டோம். எங்கம்மா மட்டும் கீழயே நின்னுடுச்சி. ராஜா வூட்டு மாடியில நாம எப்பிடி ஏறுறதுன்னு கேக்குது. மேல யாரும் இல்லம்மா, ஏறும்மான்னு கத்துறேன். அப்பறமாத்தான் ஏற வந்துச்சி. வந்தது, குனிஞ்சி செருப்பக் கழட்டுச்சி சார். அதுக்குள்ள தண்ணி வந்துடுச்சி."

மாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிறேன். முதல் படி பாதி மணலில் புதைந்திருக்கிறது. அதன்முன் என்னையறியாமல் செருப்பைக் கழற்றக் குனிகிறேன்.

"கழட்டாதீங்க!" அஞ்சலையின் குரல் கூடம் அதிர வருகிறது. "போட்டுக்கினே ஏறுங்க சார். மேல யாரும் இல்ல."