பச்சைச் சட்டைக் கிளி

எங்கள் சிறுபோக நெல்லைக் கருக்கியது வெயில் இல்லை, தலைவரே, நீங்கள். கமக்காரர் சங்கத் தலைவர் கதிரையில் இருந்துகொண்டு செய்தீர்கள். அதற்கு என் வாயையும் எடுத்துக்கொண்டீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாத்தியாராக இருந்த மாமா பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினார். காட்டுக்குளத்துக்கு நரி காவல். அது குளத்து மதகான துருசைத் திறந்து தண்ணீரைத் தன் தோட்டத்துக்கு விட்டுவிடும். தாகத்தில் கத்தும் மிருகங்களிடம் ஒரு கிளி பறந்து பறந்து சொல்லும்: "தண்ணி வருது! சத்தம் போடாம வீட்டில இருங்கோ!" கடைசியில் மிருகங்கள் செத்துக் கிடக்கும். கிளி அப்போதும் அதையே சொல்லும். நான்தான் கிளி. அம்மா தன் பழைய சேலையில் பச்சைச் சட்டை தைத்துத் தந்தார்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நரி கொழும்பில் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். முன்வரிசையில் பலமாகக் கைதட்டியவர் நீங்கள்.

"மாஸ்டர், கொழும்பு நரியளை உரிச்சுப் போட்டீங்கள்! இந்தக் கிளியை நாளைக்கு எனக்குத் தாங்கோ."

மாமா என்னைத் தன் பக்கம் இழுத்தார். அப்பாவுக்குத்தான் பெருமை. "தலைவரே கேக்கிறார், போயிட்டு வா பிள்ளை."

அந்தக் கிழமை எங்கள் வாய்க்கால் வற்றிக் கிடந்தது. குளத்துத் துருசடிக்குப் போய்ப் பார்க்க ஆட்கள் புறப்பட்டிருந்தார்கள். நீங்கள் ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோவில் என்னை அதே சட்டையோடு ஏற்றினீர்கள். உயிலங்குளம் றோட்டு வரை கத்தினேன்: "தண்ணி வருது! வீட்டில இருங்கோ!"

"எங்கட கிளியே சொல்லீட்டுது, இனியென்ன, வாங்கோடா" என்று பகிடி விட்டபடி ஆட்கள் மண்வெட்டியோடு திரும்பினார்கள்.

தண்ணீர் மற்றத் துருசு வழியாக உங்கள் மைத்துனரின் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நெல் குடலை தள்ளிக் கதிர் விடும் நேரம். எங்கள் குத்தகை வயலில் ஒரு கதிரும் வெளியே வரவில்லை. அப்பா மாடுகளை அவிழ்த்து உள்ளே விட்டார். நான் வரம்பில் நின்று மாடுகளுக்கும் "தண்ணி வருது" என்று சொல்லிக் காட்டினேன். அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஏன் துவாயால் முகத்தை மூடினார் என்று விளங்கவில்லை. அம்மா அந்தச் சட்டையை ஏன் அடுப்பில் வைத்தார் என்றும் விளங்கவில்லை.

இப்போது தேர்தலில் நிற்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்தோடுதான் உங்கள் கூட்டம் தொடங்குமாம். முன்வரிசையில் நான் இருப்பேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு நீங்களே மேடையில் ஏறி, ஊர் கேட்க ஸ்பீக்கரில் சொல்லுங்கள்: அன்று துருசுப் பூட்டின் திறப்பு யார் கையில் இருந்தது?