ஷெரோனுக்கு ஒன்றும் மூன்றும் போதும்

நண்டு பதப்படுத்தும் கம்பனியில் வேலை செய்துகொண்டே கிற்றார் படித்தாள். இடது கையில் இரண்டு விரல் போன பிறகும் விடவில்லை. எங்கள் குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஆண்களே வாசித்துவந்த கிற்றாரைத் திருநாள் பூசையில் வாசித்தாள். என் தங்கை ஷெரோன் வென்றவை இவைதான். மூன்றாவது நடந்த அன்று நானும் கோயிலில் இருந்தேன். அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

விரல் போனது கம்பனியின் ஐஸ் உடைக்கும் யந்திரத்தில். மோதிர விரலும் சின்ன விரலும். கடலில் எத்தனையோ காயம் பார்த்தவன் நான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் அந்தக் கையைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். அவளோ மயக்கம் தெளிந்ததும் கிற்றாரைப் பற்றித்தான் கேட்டாள்.

அதுவரை அவள் படம் பார்த்துத்தான் படித்தாள். சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்க வைப்பதைக் கோட் என்பார்கள்; ஒரு கோட்டுக்கு ஒரு படம். எந்தத் தந்தியில் எந்த விரல் என்று புள்ளி போட்டிருக்கும். எல்லாம் நாலு விரல்காரருக்குப் போட்ட புள்ளிகள். படங்களைத் தூக்கி வைத்துவிட்டு, போனில் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு எண்ணத் தொடங்கினாள். சுரவரிசையின் முதல் சுரத்துக்கு எண் ஒன்று. அதிலிருந்து எண்ணி, ஒன்று, மூன்று, ஐந்து என்று சேர்த்தால் கோட். தடித்த தந்தி ஒன்றில் நடுவிரலால் ஒன்றைப் பிடிப்பாள். அதைவிட மெல்லிய அடுத்த தந்தியில், ஒரு கட்டம் தலைப்பக்கமாகச் சுட்டுவிரலை வைத்தால் மூன்று, அது மேஜர். இரண்டு கட்டம் தள்ளி வைத்தால் மைனர். கையை அப்படியே நகர்த்தினால் வேறு கோட். ஐந்துக்கு விரல் இல்லையே என்று கேட்டேன்.

“ஒண்டும் மூண்டும் காணும் அண்ணை. அஞ்சைச் சனம் பாடும்.”

பாடகர் குழுவை நடத்தும் சிமியோன் அண்ணருக்கு அவள் கோயிலில் வாசிப்பதில் விருப்பமில்லை. சனம் பாட்டை விட்டுக் கையைப் பார்க்கும் என்றார். கடைசியில், திருநாள் பூசையில், வழக்கமாகக் கிற்றார் வாசிக்கும் எமில்ராஜுக்குப் பின்னால் இருந்து வாசிக்கலாம், பிழை விட்டால் அன்றோடு சரி என்று இறங்கிவந்தார்.

எங்கள் கோயிலில் பாட்டைத் தொடங்குவது கிற்றார் அல்ல, பெண்கள் பக்கத்தில் இருக்கும் லூர்த்தம்மா அக்கா. பயிற்சியில் அவர் எடுக்கும் சுருதிக்கே கோட் முடிவாகும். ஆனால் திருநாளுக்கு முன் ஒன்பது நாள் நவநாள். மாலை மாலையாகப் பாடி அவருக்குத் தொண்டை கட்டிவிடும். திருநாள் காலையில் பாட்டின் சுருதி கீழே இறங்கித்தான் வரும். வருடா வருடம் நடப்பது. வருடா வருடம் எல்லோரும் மறந்துபோவது.

அன்றும் இறங்கியது. எமில்ராஜ் பயிற்சியில் பிடித்த கோட்டையே ஓங்கி அடித்தான். ஒலிபெருக்கியில் அது தகரம் கிழிந்ததுபோல் கேட்டது. பூசை வைத்த சுவாமியார் நிமிர்ந்து பார்த்தார். வாங்கு இருக்கைகளில் இருந்த தலைகள் திரும்பின. எமில்ராஜிடம் அல்ல, ஷெரோனிடம், அவளுடைய இடது கையிடம்.

அவள் தந்தியை இன்னும் தொடவே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எமில்ராஜ் கையை எடுத்துவிட்டான். முதல் வரி துணையில்லாமல் முடிந்தது. இரண்டாவது வரியில் அந்த இரண்டு விரலும் இறங்கின. பாட்டும் கிற்றாரும் ஒரே சுருதியில் நின்றன. சனம் குரலைத் திறந்து பாடியது.

பூசை முடிந்து வெளியே வந்தோம். எமில்ராஜ் அவளிடம் வந்தான்.

“எப்பிடியடி பிடிச்சனீ?”

“வரி எங்கை வந்து முடிஞ்சு நிக்குதோ, அதுதான் ஒண்டு. அங்கையிருந்து எண்ணினன்.”

லூர்த்தம்மா அக்கா கட்டிய தொண்டையோடு இடையில் புகுந்தார்.

“என்ரை தொண்டையைக் கேட்டு வாசிச்சவள் உவள் ஒருத்திதான். மற்றவைக்கு நான் றேடியோப் பெட்டி.”

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன் சிமியோன் அண்ணர், வாசிப்பவர்கள் ஒப்பமிடும் குழுவின் பதிவேட்டைத் திறந்து, கிற்றார் என்று எழுதியிருந்த இடத்தை ஷெரோனுக்குக் காட்டினார். எமில்ராஜ் பேனையை நீட்டினான். அவள் அங்கே முதன்முதலாகத் தன் பெயரை ஒப்பமிட்டது 2023 யூலை 30.