அத்திம்பேரின் சட்டைகளை வெட்டியது

இரண்டு வேளைச் சமையல், ஆபீஸ், கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி வீடுவரை நடை. இதற்குமேல் கத்தரிக்கோலையும் பிடிக்கவேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்தா என்று அந்த மாதம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டதும் நானேதான். "நான் தெச்சுத் தரேன்" என்று சொன்ன வாய் என்னுடையது.

என் கணவரின் அக்கா எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் கணவர், எனக்கு அத்திம்பேர், போன வருஷம் காலமானார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள்: "அப்பா சட்டையெல்லாம் யாருக்கும் குடுத்துடாதே. எனக்கு ஒரு குவில்ட் பண்ணி அனுப்பு." போனவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளப்படாது என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த சமயம். அக்கா பீரோவைத் திறந்து அத்தனை சட்டைகளையும் என் மடியில் போட்டாள்.

துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது எனக்குப் பழக்கம்தான். இப்போது வருகிற பேட்டர்ன்களில் பெரும்பாலும் அச்சு அட்டை கிடையாது. இத்தனை அங்குலத்தில் பட்டை வெட்டு, பட்டையைக் குறுக்கே வெட்டு, அவ்வளவுதான். தையலுக்கு விடவேண்டியதும் அந்த அளவிலேயே அடக்கம். துணிகளை அடுக்கி வைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ரோட்டரி கட்டரை உருட்டினால் எல்லா மடிப்பும் ஒரே ஓட்டத்தில் அறுபடும். பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரிதான் இருக்கும் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முழுப் போர்வைக்கும் வெட்டிவிடலாம்.

நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு மனுஷர் உடுத்திக்கொண்டதைக் கீரைக்கட்டு மாதிரி அடுக்கி நறுக்குவதா? மனசு கேட்கவில்லை. பழைய முறைப்படி கல்யாணப் பத்திரிகை அட்டையில் சதுரமும் முக்கோணமும் செய்துகொண்டேன். ஒவ்வொரு சட்டையிலும் நல்ல இடமாகப் பார்த்து அட்டையை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினேன். பாக்கெட்டில் பேனா கசிந்த கறை இருந்தால் அது துண்டின் நடுவில் வரவேண்டும். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஆரம்பித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவது அக்கா வீட்டுக் கூடத்தில். ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடும். விளக்கு வைத்தபின் ஊசியும் கத்தரியும் எடுக்கப்படாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஏதோ கொஞ்சம் வெட்டுவதற்குள் மூட்டை கட்டவேண்டும். கட்டைவிரல் வீங்கிப்போய், சாதம் பிசையக்கூட முடியவில்லை. "யார் உன்னை இப்படிக் கஷ்டப்படச் சொன்னா?" என்றார் என் கணவர். இவருடைய அக்காவுக்குத்தான் செய்கிறேன் என்பதே ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

அக்கா தினமும் எதிரில் உட்கார்ந்திருப்பாள். சட்டையை விரித்து, "இதுல எந்த இடம் எடுக்கட்டும் அக்கா?" என்று கேட்பேன். "இது ரிட்டயரான அன்னிக்குப் போட்டுண்டது," என்பாள். "இது பொன்முடிக்குப் போனப்போ." பேசட்டும், பேசினால் மனசு ஆறும் என்று நானும் கேட்டுக்கொண்டே போனேன்.

அன்று எடுத்தது நீலக்கோடு போட்ட சட்டை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் உடம்பில் இருந்தது அதுதான் என்று எனக்குத் தெரியாது. அட்டையை நெஞ்சுப் பக்கம் வைத்து வழக்கம்போல் கேட்டேன். அக்கா கையை நீட்டி அட்டையைப் பிடுங்கினாள். மனசு பொங்கினால் அவளுக்கு மலையாளம்தான் முதலில் வரும்.

"மதி. போறும்டீ. ஆஸ்பத்திரிக்குப் போட்டுண்டு போன சட்டையாக்கும் அது. தினம் ஒண்ணை எடுத்து என் முன்னாடி விரிக்கறாய். அவர் ஒரு தடவைதான் போனார். நீ தினம் தினம் அனுப்பறாய். என்னால முடியலை."

எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"உங்களுக்காகத்தானே அக்கா விரல் வீங்க வெட்டினேன்?"

"அறியாம்டீ, எனக்கு நன்னாத் தெரியும். அது தெரிஞ்சுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கலை. அந்தச் சக்கரம் வெச்சிருக்கியே, அதைக் கொண்டா. மிச்சம் எல்லாத்தையும் சேர்த்து அடுக்கு. எது எந்தச் சட்டைன்னு எனக்குத் தெரியப்படாது."

"விளக்கு வைக்கற நேரமாச்சே!"

"ஊசியும் கத்தரியும்தானே எடுக்கப்படாது? சக்கரத்தைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை, போ."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கட்டரையும் ஸ்கேலையும், அடியில் போடுகிற ரப்பர் விரிப்பையும் எடுத்து வந்தேன். காலர், பட்டன் பட்டையெல்லாம் நீக்கி, உள்பக்கம் மேலே தெரிய அடுக்கினேன். என் விரலால் ஸ்கேலை அழுத்த முடியவில்லை. அக்காதான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. நான் உருட்டினேன். ஒரு சட்டைக்கு நான் பாடுபடுகிற நேரத்தில் அத்தனையும் முடிந்துவிட்டது.

பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி நன்றாகக் கலைத்தாள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள், அது எந்த நாளின் சட்டை என்று அவளுக்கே தெரியவில்லை. "வெறும் துணியாயிடுத்துடீ," என்றாள். "இனி பொண்ணுக்குத் தெச்சு அனுப்பலாம்."

சொன்னவள் அதே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். காரியம் நடந்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அத்தனை அசதியாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.